வளர்க்கத்தான் வாங்கினது: வன்னித் தோல் ஒன்றின் தடம்

பரந்தனுக்குக் கிட்ட ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு சின்னத் தோல் வேலைத்தளம் நடத்துகிறார்கள். காசுப்பை, இடுப்புப்பட்டி, செருப்பு, திருவிழாக் கடைகளுக்குத் தோள்பை என்று கைக்கு வந்ததைத் தைப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கையின் மகள். ஒருநாள் பின்னேரம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, வெளிநாட்டு ஓடர் ஒண்டு வந்திருக்கு. நாற்பது பை. ஆனா பையைப் பற்றி ஒரு பக்கந்தான் இருக்கு. மிச்சமெல்லாம் மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கினம்.”

ஐரோப்பாவில் சொந்தப் பெயரில் பை விற்கும் ஒரு சிறிய ஆடம்பர நிறுவனம் அனுப்பிய படிவம் அது. அங்கே ஒரு பை போகும் விலைக்கு இங்கே ஒரு கறவைப் பசு வாங்கலாம். மாடு எங்கே பிறந்தது, யார் வளர்த்தது, தண்ணீர் கிடைத்ததா, நோய்க்கு மருந்து கொடுத்தார்களா, எத்தனை மணித்தியாலம் லொறியில் நின்றது, எப்படி அறுத்தார்கள் என்று பதினொரு பக்கம். நான் முப்பது வருசத்துக்கு மேல் வன்னியில் கால்நடைப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். துணுக்காயிலிருந்து ஒட்டுசுட்டான் வரை நான் ஊசி போடாத பட்டி குறைவு. ஒரு இரவில் நிரப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முடிக்க நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்தில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவம் வந்த வழி

இப்படிப்பட்ட படிவங்கள் வானத்திலிருந்து விழவில்லை. 2015இல் முதலைப் பண்ணைகளுக்குள் எடுத்த காணொளிகள் வெளிவந்தபோது, எர்மெஸ் நிறுவனத்தின் பேர்போன பைக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்த நடிகை ஜேன் பர்கின், முதலைத் தோலில் செய்யும் பைக்கு அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நிறுவனம் விசாரித்துத் திருத்துவதாகச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். 2017இல் குச்சி (Gucci) என்ற ஆடம்பர நிறுவனம் மென்மயிர்த் தோலைக் கைவிடுவதாகச் சொன்னது. 2018 டிசம்பரில் ஷனெல் நிறுவனம் முதலை, பாம்பு போன்றவற்றின் தோலையும் கைவிடுவதாகச் சொன்னது. 2019இல் கெரிங், எல்விஎம்எச் என்ற இரண்டு பெரிய குழுமங்களும் விலங்குப் பொருட்களுக்கான நியமங்களை எழுதி வெளியிட்டன. பெரிய நிறுவனங்கள் ஒன்றை எழுதினால் சின்ன நிறுவனங்கள் அதைப் பார்த்து எழுதும். கடைசியில் அது பரந்தனில் ஒரு தகரக் கூரையின் கீழ் வந்து சேரும்.

கேள்விகளின் அடித்தளம் எனக்குப் பழக்கமானதுதான். பிரித்தானியாவில் 1965இல் பிரம்பெல் குழு பண்ணை விலங்குகள் பற்றிக் கொடுத்த அறிக்கையிலிருந்து வளர்ந்த ‘ஐந்து விடுதலைகள்’: பசி தாகத்திலிருந்து, அசௌகரியத்திலிருந்து, வலி நோயிலிருந்து, பயத்திலிருந்து விடுதலை, தன் இயல்பில் நடந்துகொள்ளும் விடுதலை. பயிற்சி வகுப்புகளில் நானே இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் படிவத்தை எழுதியவருக்கு எல்லா விலங்கும் ஒன்றுபோல. ஒரு இடத்தில் “மியூல்சிங் செய்யப்பட்டதா?” என்று இருந்தது. அவுஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளுக்குப் புழு பிடிக்காமல் இருக்க வாலைச் சுற்றியுள்ள தோலை அரிந்துவிடும் வேலை அது. வன்னி மாட்டுக்கு அதைப் பற்றி என்ன எழுதுவது? இன்னொரு இடத்தில் “உயிரோடு இறகு பிடுங்கப்பட்டதா?” மருமகள் சிரித்துச் சிரித்து “இல்லை” என்று எழுதினாள்.

(படிவம் வந்த கதை வெளியே போனதும் வவுனிக்குளம் பக்கத்து ஆள் ஒருவர், “முதலைத் தோலுக்கு நல்ல விலையாமே, எங்கட குளத்தில கிடக்குதே” என்று கேட்டார். எங்கள் குளத்து முதலை, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோக இடமில்லை. இலங்கை 1979இலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. உள்நாட்டில் 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டம் வேறு. ஒரு பல்லைக்கூடத் தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.)

திரும்பி வந்த மாதிரி

படிவம் ஒருபக்கம் இருக்க, மாதிரிக்கு ஒரு பையைத் தைத்து அனுப்பினார்கள். மூன்று கிழமையில் படங்களோடு பதில் வந்தது. தையல் நன்று, அளவு நன்று, தோல் மட்டும் சரியில்லை. படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மூடியின் குறுக்கே வெள்ளை நூல் போல மூன்று கீறல், ஓரத்தில் ஊசி குத்தினதுபோலக் குழிகள்.

அந்தக் கீறல் சூரை முள். குழி உண்ணி கடித்த இடம். காலையில் பட்டியைத் திறந்துவிட்டால் மாடு பற்றைக்குள் புகுந்து, குளக்கட்டுக்கு ஏறி, சேற்றில் படுத்து, இருட்டுகிற நேரம் தானாகவே திரும்பி வரும். ஐந்தாவது விடுதலை, இயல்பில் நடந்துகொள்ளும் விடுதலை என்று படிவத்தின் நாலாம் பக்கத்தில் கேட்டது இதைத்தான். அதன் சான்று தோலில் எழுதியிருந்தது. அதே நிறுவனம் அதற்கு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியது.

ஆடம்பரப் பைக்கு விரும்பப்படும் தோல் பெரும்பாலும் கன்றுத் தோல். பிரான்சுக் கன்றுத் தோலுக்குத்தான் முதல் மரியாதை. மேல்தோலைச் சுரண்டாமல், வண்ணப்பூச்சால் மூடாமல் அப்படியே காட்டவேண்டும் என்பதால் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. கீறல் இல்லாத தோல் வேண்டுமென்றால் கன்று முள்ளுக்கும் கம்பிக்கும் கிட்டப் போயிருக்கக்கூடாது, அதாவது பெரும்பாலும் கொட்டிலுக்குள் வளர்ந்திருக்கவேண்டும். கன்றை உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத தனிக்கூட்டில் அடைத்து வளர்க்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2007இலிருந்து நிறுத்தியது உண்மை. அது நல்ல காரியம். ஆனாலும் சந்தை கேட்கும் தோலுக்கும் படிவம் கேட்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு இழுபறி இருக்கிறது. அதை யாரும் அந்தப் பதினொரு பக்கத்தில் எழுதவில்லை.

இருபத்தியொரு தோல்

வேலைத்தளத்துக்குத் தோல் வரும் வழி நேரானதல்ல. இறைச்சிக்கடைக்காரர் தோலை உரித்து உப்புப் போட்டு வைப்பார். சேகரிப்பவர் லொறியில் வந்து அள்ளிக்கொண்டு தெற்கே போவார். பதனிட்ட பிறகு, ஏற்றுமதிக்கு எடுபடாத துண்டுகள் திரும்பி வடக்குக்கு வரும். வன்னி மாட்டின் தோல்தான் திரும்பி வருகிறதா என்று சொல்ல வழியே இல்லை. உலகத்தில் தோலுக்குப் பேர்போன தணிக்கை அமைப்பான லெதர் வேர்க்கிங் குறூப் 2005இல் தொடங்கியதும் பதனிடும் ஆலையைச் சுற்றித்தான். தண்ணீர், குரோமியம், கழிவு எல்லாவற்றுக்கும் அங்கே கணக்குண்டு. ஆலையின் வாசலுக்கு அந்தப் பக்கம், மாடு நின்ற பக்கம், வெளிச்சம் குறைவு.

ஆகவே நான் பின்னாலிருந்து தொடங்கினேன். சேகரிப்பவர் ஒருவரின் உப்புக் கொட்டிலுக்குப் போய், ஒரு கிழமைக்குள் வந்த 21 தோலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். சேகரிப்பவர் நல்ல மனிதர், வாங்கு ஒன்றும் தந்தார். அந்த மணத்துக்குப் பக்கத்தில் வாங்கு எதற்கு என்று நினைத்தேன், பிறகு இருந்தேன்.

முதலில் மயிர்ப்பக்கம். ஆறின முள்ளுக்கீறல் வழுவழுப்பான வெள்ளைக் கோடு, ஆபத்தில்லை. முள்ளுக்கம்பி கிழித்தது தடிப்பாக, கோணலாக இருக்கும். வயலுக்குள் புகுந்த மாட்டைக் கத்தியால் வெட்டினது இரண்டு தோலில் இருந்தது, நீளமாக, ஆழமாக, ஒருபக்கம் சுருங்கி. மேய்ச்சல்தரை சுருங்கச் சுருங்க இது கூடுகிறது. காலபோகம் விதைத்துவிட்டால் மாட்டுக்கு ஊரில் நிற்க இடமில்லை.

பிறகு குறி. குறியில்லாத தோல் மூன்றுதான். மற்றதிலெல்லாம் சூட்டுக்கோலால் எழுதின எழுத்து, சிலதில் இரண்டு முறை. பின்தொடையில், இடுப்பெலும்புக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு. தோலின் நல்ல பகுதி முதுகும் பின்புறமுந்தான்; நார் அடர்த்தியாக ஓடுகிற இடம். வயிற்றுத் தோல் தொளதொளத்தது, அதில் பை நிற்காது. நாங்கள் சுடுவது மிகச் சரியாக அந்த நல்ல இடத்தில். சுட்ட இடத்தில் தோல் மினுங்கும், மயிர் முளைக்காது, சாயம் பிடிக்காது.

கடைசியாகச் சதைப்பக்கம். ஆறின காயம் வாழ்க்கையைச் சொல்லும், ஆறாத காயம் கடைசி நாட்களைச் சொல்லும். 21இல் பதினொன்றில் கன்றிப்போன கருஞ்சிவப்புத் தடங்கள் இருந்தன. விலா ஓரம், தொடைமூட்டு, கழுத்தில் கயிறு இழுத்த கோடு. லொறிச் சட்டத்தில் மோதினது, விழுந்து மற்ற மாட்டின் காலுக்குள் மிதிபட்டது, வாலை முறுக்கி ஏற்றினது. உயிரோடு இருக்கும்போது மயிர் மூடியிருக்கும். உரித்துத் திருப்பினால்தான் தெரியும்.

இங்கேதான் படிவத்தின் மேல் எனக்கு முதல் கோபம் வந்தது. அதில் வளர்ப்பைப் பற்றி ஏழு பக்கம், கடைசி இரண்டு நாளைப் பற்றி அரைப் பக்கம். வன்னி மாடு ஆவணியில் தண்ணீருக்கு அலையும், உண்ணி தின்னும், ஆனாலும் உலகத்தில் பல பண்ணை மாடுகளுக்குக் கிடைக்காத வாழ்க்கை அதற்குக் கிடைக்கிறது. சாவு மட்டும் கேவலமாக வருகிறது. தண்டனைக்குச் சட்டம் இல்லாமலில்லை. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதற்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907இலேயே வந்தது. அதில் எழுதப்பட்ட உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. இன்றைக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும்.

“அவள் நல்லா நிக்கிறாளோ?”

ஒரு தோலில் இருந்த இரண்டு எழுத்தை எனக்குத் தெரியும். துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு பட்டியின் குறி. தகப்பன் காலத்திலிருந்து அதே எழுத்து. அந்தப் பட்டிக்கு நானே வாய்நோய்க்கும் சப்பைநோய்க்கும் ஊசி போட்டிருக்கிறேன். படிவத்தில் “விலங்கு பிறந்த பண்ணை” என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்ப என்னிடம் இருந்த ஒரே ஆவணம் அந்தச் சூடு. மாட்டுக்கு வலியைக் கொடுத்த தழும்புதான் அதன் ஊரைச் சொன்னது. இதை நான் ஒருவருக்கும் பாடமாகச் சொல்ல வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் தாயார்தான் இருந்தார். எழுபது தாண்டியிருக்கும். முற்றத்தில் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். மாடுகளைப் பற்றிக் கதைத்தோம். எழுதக் கொப்பியை எடுக்கும் முன்னமே அவர் தொடங்கினார்.

“அந்த வெள்ளைச்சியைத் தம்பிக்கு நினைவிருக்கோ? கொம்பு முறிஞ்சது. கண்டு தங்கேல்லை, பாலும் வத்திப்போச்சு. மகன் குடுத்திட்டான். வளக்கத்தான் எண்டு சொல்லித்தான் வாங்கினவங்கள். முல்லைத்தீவுப் பக்கமாம்.”

“ஓம் அம்மா.”

“தம்பி உங்கால எல்லாம் போறனீங்கள்தானே. அவள் நல்லா நிக்கிறாளோ?”

வெள்ளைச்சியின் தோலை நான் நாலு நாளுக்கு முந்தி உப்புக்குள் விரித்துப் பார்த்திருந்தேன். விலாவில் நாலு இடத்தில் கன்றியிருந்தது. நான் “ஓம், நல்லாத்தான் நிக்குது” என்று சொல்லிவிட்டு, கொப்பியை எடுக்காமலே எழும்பி வந்துவிட்டேன்.

வீதிக்கு வந்த பிறகுதான் விளங்கியது. தடம் அறுகிற இடம் இதுதான். நான் களவு மாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அனுமதிப்பத்திரமில்லாமல் மாடு கடத்திப் பிடிபடுகிற செய்தி கிழமைக்கு ஒன்று வரும், ஆகவே அங்கேதான் ஓட்டை என்று நினைத்தேன். களவு உண்டு. ஆனால் அந்த 21 தோலில் பெரும்பான்மை மனமறிந்து விற்ற மாடு. சைவக் குடும்பங்கள், பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வைக்கிறவர்கள், வற்றாப்பளை அம்மனுக்குப் பால் கொடுக்கிறவர்கள். அறுக்க விற்றோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. தரகர் “வளக்கத்தான் வாங்கிறம்” என்பார். விற்பவர் நம்புவதுபோல நம்புவார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். மாடு விற்கும் கடிதத்தில் “வளர்ப்புக்கு” என்று எழுதப்படும். அந்தச் சொல்லுக்குப் பிறகு மாட்டுக்குப் பிறந்த வீடு இல்லை.

அதனால்தான் மாடு இரவில் ஏற்றப்படுகிறது. அதனால்தான் கிட்டவுள்ள இடத்தில் அறுக்காமல் எங்கேயோ தூரத்துக்குப் போகிறது. ஊருக்குள் அறுத்தால் தோலின் குறியைப் பார்த்து யார் மாடு என்று சொல்லிவிடுவார்கள். நான் கதைத்த தரகர் ஒருவர் ஒளிக்காமல் சொன்னார், “ஐயா, மாட்டுக்காரர்தான் கேக்கிறவை, இந்தப் பக்கத்தில வேண்டாம், கண்காணாத இடத்தில விடு எண்டு.” விலாவில் கன்றிய தடம் லொறிக்காரரின் கைவேலை மட்டுமில்லை. கொஞ்சம் எங்கள் வெட்கத்தின் வேலையும்.

செய்து பார்த்தது

வேலைத்தளத்துப் பெண் ஒருத்தி முதலில் வேறு யோசனை சொன்னாள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் நூற்றுக்கணக்கில் மாடு விறைத்துச் செத்தது. எல்லாவற்றையும் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். “செத்த மாட்டுத் தோலை எடுத்தா கொலைப்பாவமும் இல்லை, அவையின்ர படிவமும் நிரம்பும்.” புது யோசனை இல்லை. வார்தாவில் காந்தி தானாகச் செத்த மாட்டின் தோலில் அகிம்சைச் செருப்புச் செய்வித்தார். நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் தெரியாமல் திடீரென்று செத்த மாட்டை வெட்டித் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அடைப்பான் (அந்திராக்ஸ்) நோயாக இருந்தால் உரிக்கிற கைக்கும் வரும், மண்ணிலும் வருசக்கணக்காகக் கிடக்கும். அதோடு செத்த மாட்டை உரிக்கப் போவது யார் என்ற கேள்வி இருக்கிறது. அந்தப் பாரம் எந்தச் சாதியின் தலையில் ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆகவே சின்னதாகச் செய்தோம். நாற்பது பையை விட்டு, பன்னிரண்டு பைக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினோம். ஒத்துக்கொண்டார்கள். துணுக்காய்ப் பக்கத்திலேயே ஒரே ஒரு பட்டிக்காரர், வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து “ஓம், அறுக்கத்தான் குடுக்கிறன், என்ர பேரை எழுது” என்றார். மனைவி உள்ளே இருந்து ஏதோ முணுமுணுத்தார். அனுமதி உள்ள, கிட்டவுள்ள ஒரு இறைச்சிக்கடைக்காரர். லொறியில்லை, லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் வைக்கோல் பரப்பி ஒவ்வொன்றாக, பகலில். அறுக்கிற இடத்தில் மாடு கட்டும் மரத்துக்குப் பக்கத்தில் நீலப் பரலைப் பாதியாக அரிந்து தண்ணீர் நிரப்பி வைத்தோம். முதல் மாடு அதில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டே நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்து, “இவ்வளவு நாளும் கேக்கத் தோணேல்லை ஐயா” என்றார். எனக்கும் முப்பது வருசமாகத் தோன்றவில்லை.

தோலுக்குத் தனிக்காசு கொடுத்தோம். இது முக்கியம். மாடு கண்மதிப்பில் முழுதாக விலைபோகும். தோல் நன்றாக இருந்தாலும் கிழிந்திருந்தாலும் வளர்த்தவருக்கு ஒரு சதம் கூடக் குறையப் போவதில்லை. பிறகு அவர் ஏன் தோலைப் பார்க்கப் போகிறார்? இந்த முறை கன்றல் இல்லாத தோலுக்குக் கடைக்காரருக்கு ஒரு தொகை, புதுக்கன்றுக்குக் குறி சுடாமல் விட்டால் பட்டிக்காரருக்கு ஒரு தொகை என்று பேசினோம். குறிக்குப் பதிலாகக் காதுப்பட்டி.

கன்றல் குறைந்தது. அது உறுதி, ஒவ்வொரு தோலையும் நானே திருப்பிப் பார்த்தேன்.

குறியில்தான் தோற்றோம். பேச்சு முடிந்து ஒன்றரை மாதத்தில் அந்தப் பட்டியில் இரண்டு நாம்பன் களவு போனது. காட்டோரத்தில் காதுகள் மட்டும் கிடந்தன, காதுப்பட்டியோடு. “பட்டி காதோட போச்சுது ஐயா. சூட்டை ஆர் அறுக்கிறது?” என்றார் அவர். என்னிடம் பதிலில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய சனம் காட்டிலும் வீதியிலும் திரிந்த மாடுகளுக்குள் தங்களுடையதை அடையாளம் கண்டதும் இந்தச் சூட்டை வைத்துத்தான். அதையெல்லாம் பார்த்த ஆளிடம் போய் ஐந்து விடுதலை பேச முடியாது.

கடைசியில் ஒரு சமரசம். பின்தொடையில் சுடாமல் முழங்காலுக்குக் கீழே, சின்ன எழுத்தில். கால் தோல் எப்படியும் வெட்டி எறிவது, பைக்கு வராது. சுட்ட அன்று நானும் நின்றேன். மூன்று பேர் கன்றை விழுத்திப் பிடித்தார்கள். கோல் பட்டதும் மயிர் பொசுங்கின புகை, பிறகு அந்தக் கத்தல். தொடையில் சுட்டாலும் காலில் சுட்டாலும் கத்தல் ஒன்றுதான். காலில் தோல் எலும்போடு ஒட்டியிருப்பதால் கூட வலிக்குமோ என்றும் ஒரு யோசனை.

படிவத்தில் “விலங்குக்குச் சூட்டுக்குறி இடப்பட்டதா? எங்கே?” என்று ஒரு கேள்வி உண்டு. மருமகள் பேனையோடு என்னைப் பார்த்தாள். உள்ளதை எழுதச் சொன்னேன். “ஆம். காலில்.”

மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. தண்ணீர்ப் பரலின் படத்தைப் பாராட்டியிருந்தார்கள். பட்டியின் பெயர், கடையின் பெயர், தூரம் எல்லாம் சரி. குறி பற்றி ஒரே ஒரு கேள்வி மட்டும்: அது பையில் தெரியுமா?

“தெரியாது” என்று மருமகள் எழுதினாள். மற்ற நாள் முற்பணம் வந்துவிட்டது.